வால்வு செட்டுக்குள்ள கை வைக்கறதுக்கு முன்னாடி (வாசகர் கேள்வி பதில்)

போன இதழ்ல பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் (டிரான்சிஸ்டருக்கு பதிலா கண்ணாடிக் குழாய் வால்வு இருக்கற செட்டு) பத்தி ரெண்டே வரி தான் எழுதுனேன், அதுக்கு வந்த கேள்விகள பாத்தா நம்ம பக்கம் பரண் மேலயும் தோட்டத்து சாளையிலயும் இன்னும் எத்தன செட் கெடக்குதுன்னு நெனச்சு சந்தோசமாவும் இருந்துச்சு, அதுகள நல்லா பண்றோம்னு சொல்லி என்னென்ன பண்றாங்கன்னு படிச்சு வெசனமாவும் இருந்துச்சு. அதனால இந்த தடவ முழுக்க வால்வு தானுங்க.

அண்ணா வணக்கமுங்க. எங்க அப்புச்சி சிங்கப்பூர்ல இருந்து கொண்டாந்த ஸ்டீரியோ வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒண்ணு சாளையில முப்பது வருசமா சும்மா கெடந்துச்சுங்க. பேர் தகடு உழுந்துருச்சு, என்ன கம்பெனின்னு தெரியல. நாலு ஈஎல்84, மூணு ஈசிசி83, ஒரு ஜிஇசட்34 இருக்குது. போன வாரம் பிளக்க சொருகுனேன், பாடுதுங்க, ஆனா சத்தம் மந்தமா இருக்குது, பேஸ் கொழகொழன்னு வருது, அரை மணி நேரத்துல ஒரு வால்வுக்குள்ள தகடு செவக்குது. கூட்டாளி ஒருத்தன் ரெக்டிஃபயர் வால்வ தூக்கிட்டு டயோடு போடு, ஃபில்டர் கண்டென்சர 470 எம்எஃப்டியா (மைக்ரோஃபாரட்) போடு, வெளிநாட்டு கண்டென்சர் வாங்கு, சத்தம் அப்படியே மாறிரும்ங்கறான். செலவு பாக்கலீங்க, நல்ல சத்தம் வேணும். என்னென்ன மாத்தட்டும்?
(கோபிசெட்டிபாளையம் பக்கத்துல இருந்து ஒரு வாசகர்)

மொதல்ல பிளக்க புடுங்குங்க தம்பி, மத்தது எல்லாம் அப்பறம். தகடு செவக்குதுன்னா அந்த வால்வு தாங்கற அளவுக்கு மேல கரண்ட் இழுக்குது, இன்னும் நாலு நாள் இப்படியே பாட விட்டீங்கன்னா வால்வு போறது பெருசில்ல, அது கூட சேந்து வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல இருக்கற அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போயிரும், வால்வு கடையில கெடைக்கும், அந்த டிரான்ஸ்ஃபார்மர் கெடைக்காது. உங்க கையில இருக்கறது நல்ல செட்டுங்க. ஈஎல்84ங்கறது ஸ்பீக்கர ஓட்டற அவுட்புட் வால்வு, ஈசிசி83 சின்ன சிக்னல பெருசாக்கற வால்வு, ஜிஇசட்34 ஏசிய டிசி ஆக்கற ரெக்டிஃபயர் வால்வு. நாலு ஈஎல்84, மூணு ஈசிசி83, ஒரு ஜிஇசட்34ங்கறது இங்கிலாந்துல வந்த லீக் ஸ்டீரியோ 20ல இருந்த அதே வால்வு வரிசை, ஒரு பக்கத்துக்கு பத்து வாட் சுத்தமா குடுக்கற அமைப்பு. இந்த மாதிரி செட்ட இன்னும் நல்லா பண்றதுங்கறதுல நூத்துக்கு எம்பது பங்கு, அது புதுசுல எப்படி இருந்துச்சோ அந்த நெலமைக்கு கொண்டாந்து சேக்கறது தான், இத நான் திரும்பத் திரும்ப சொல்லுவேன்.

உள்ள கை வைக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. ஆஃப் பண்ணி பிளக்க எடுத்த பொறகும், ரெக்டிஃபயர்ல இருந்து வர்ற டிசிய சமன் பண்ற ஃபில்டர் கண்டென்சர்ல 300, 400 வோல்ட் நின்னுட்டே இருக்கும், ஆள அடிச்சுப் போடற டிசி அது. ஸ்க்ரூ டிரைவர வெச்சு பட்டுனு ஷார்ட் பண்றவங்கள பாத்திருக்கேன், அப்படி வேண்டாம், 10 கே (பத்தாயிரம் ஓம்) 5 வாட் ரெசிஸ்டர் ஒண்ணுக்கு ரெண்டு பக்கமும் நல்ல இன்சுலேசன் இருக்கற வயர் வெச்சு கிளிப் மாட்டி வெச்சுக்கங்க, கண்டென்சர் பிளஸ்ஸுக்கும் சேஸிஸுக்கும் (செட்டோட உலோக அடித்தகடு) நடுவுல சித்த நேரம் புடிச்சு, மல்டிமீட்டர்ல சைபர் காட்டுதான்னு பாத்துட்டு தான் விரல உள்ள உடணும். செட் ஆன்ல இருக்கறப்ப அளக்கணும்னா ஒரு கைய முதுகுக்கு பின்னால வெச்சுக்கங்க. ஸ்பீக்கர் இல்லாம எப்பவும் ஓட்டாதீங்க, லோடு இல்லாம சிக்னல் வந்தா அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் ப்ரைமரியில (வால்வு பக்கத்து சுத்து) வோல்டேஜ் எகிறி உள்ளயே பொறி அடிச்சிரும். இதுல எல்லாம் பழக்கம் இல்லீன்னா தெரிஞ்ச ஆள பக்கத்துல வெச்சுட்டு பண்ணுங்க, கூச்சப்படற விசயம் இல்ல இது.

இனி அந்த செவப்புக்கு வருவோம். ஈசிசி83 பிளேட்ல (உள்ள இருக்கற தகடு) இருந்து ஈஎல்84 கிரிட்டுக்கு (சிக்னல் வாங்கி கரண்ட கட்டுப்படுத்தற கம்பி வலை) போற வழியில ஒரு 0.1 எம்எஃப்டி கண்டென்சர் இருக்கும், பழைய செட்டுல அது பேப்பர சுருட்டி மெழுகுல முக்குனது. பாட்ட மட்டும் உட்டுட்டு டிசிய தடுத்து நிறுத்தறது தான் அதுக்கு சோலி. வயசாகி ஈரம் ஏறுனதுன்னா கொஞ்சம் கொஞ்சமா டிசிய கசிய விடும், கிரிட் பாசிட்டிவ் பக்கம் போகும், வால்வு தாறுமாறா கரண்ட் இழுக்கும், சூடு ஏற ஏற கசிவும் ஏறும், அதனால தான் உங்களுக்கு அரை மணி நேரம் கழிச்சு செவக்குது. சோதிக்கறது சுலபம், ஈஎல்84 சாக்கெட்டுல 2ஆம் பின்னுக்கும் சேஸிஸுக்கும் டிசி வோல்டேஜ் அளங்க, கேத்தோடு பயாஸ் செட்டுல (எலெக்ட்ரான் கெளம்பற கேத்தோடுல ரெசிஸ்டர் போட்டு கரண்ட அடக்கி வெக்கற செட்டு) அங்க சைபர் இருக்கணும். ஒரு வோல்ட், ரெண்டு வோல்ட்னு பிளஸ்ல காட்டுனா அந்த வால்வ மட்டும் கழட்டிட்டு திரும்ப அளங்க, அப்பவும் வோல்டேஜ் இருந்தா கண்டென்சர் கசியுது, போயிருச்சுன்னா வால்வு கெட்டிருக்குது. மளார்னு அளந்துட்டு ஆஃப் பண்ணிருங்க.

நான் இருவது வயசுல ஈரோட்ல ஒரு மைக் செட் கடையில வேல கத்துக்கிட்டு இருந்தப்ப இதே மாதிரி ஒரு செட் செவந்துட்டே இருந்துச்சு, வால்வு தான் கெட்டுப் போச்சுன்னு மூணு தடவ புது வால்வு மாத்துனோம், மூணும் செவந்துச்சு, நாலாவது தடவ கருகுன வாசம் வந்து அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே போயிருச்சு. கடைசியில பாத்தா சுண்டு விரல் அளவு மெழுகு கண்டென்சர் தான் காரணம். அந்த செட்டு திரும்ப பாடவே இல்ல, அத நெனச்சா எனக்கு இன்னிக்கும் மனசு கெடந்து அடிச்சுக்குது, அதனால தான் இத இவ்வளவு நீட்டி எழுதறேன்.

அதனால அந்த ஒண்ண மட்டும் இல்லாம எல்லா பேப்பர் கண்டென்சரையும் ஒரே மூச்சா மாத்திருங்க, பாலிப்ரொப்பிலீன், 630 வோல்ட், அதே 0.1. சாதா நல்ல கண்டென்சர் போதும். விலை கூடுன வெளிநாட்டு கண்டென்சரையும் இதையும் ஒரே செட்டுல சுவிட்ச் வெச்சு மாத்தி மாத்தி, எது எதுன்னு தெரியாம வேற ஒரு ஆள விட்டு மாத்தச் சொல்லி ரொம்ப நாள் கேட்டிருக்கேன், என் காதுக்கு பிரிச்சு சொல்ல முடியல, அந்த காச ஸ்பீக்கருக்கு போடுங்க. இன்னொண்ணு, 0.1க்கு பதிலா 1 எம்எஃப்டி போட்டா பேஸ் எச்சா வரும்னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க. கிரிட் ரெசிஸ்டர் 470 கேன்னா 0.1லயே மூணரை ஹெர்ட்ஸ் வரைக்கும் போகுது, மனுச காதே இருவதுல தான் ஆரம்பிக்குது, அதுக்கும் கீழ தொறந்து விட்டா ஃபீட்பேக் செட்டுல (அவுட்புட்ல கொஞ்சத்த திரும்ப உள்ள குடுக்கற செட்டு) கிணத்து ஆயில் எஞ்சின் மாதிரி டுக்கு டுக்குனு அடிக்க ஆரம்பிச்சிரும்.

அடுத்தது ஃபில்டர் கண்டென்சர். முப்பது வருசம் கெடந்தது உள்ள காஞ்சிருக்கும், அந்த கொழகொழ பேஸுக்கு பாதி காரணம் இது தான். உங்க கூட்டாளி சொல்ற 470 எம்எஃப்டி மட்டும் வேண்டாம், ஏன்னா ஜிஇசட்34க்கு பக்கத்துல வர்ற மொத கண்டென்சர் 60 எம்எஃப்டிக்கு மேல போகக்கூடாதுன்னு வால்வு செஞ்சவங்களே எழுதி வெச்சிருக்காங்க, ஈஇசட்81ன்னா 50. அதுக்கு மேல போனா ஒவ்வொரு சுத்துக்கும் கண்டென்சர் ரொப்ப வால்வு எகிறி கரண்ட் குடுக்கணும், உள்ள பொறி பறந்து செத்துப் போகும். அந்த மொத கண்டென்சருக்கு 47 போடுங்க, சோக் காயிலுக்கு அப்பறம் வர்றத 100 ஆக்கிக்கங்க, அங்க தாராளமா இருக்கலாம், உண்மையாவே பேஸ் இறுகும். எல்லாம் 450 வோல்டுக்கு கொறையாம. டயோடு போடற யோசனையும் உங்க செட்டுக்கு ஆகாது, வால்வுல விழற வோல்டேஜ் டயோடுல விழாது, ஹெச்டி (வால்வு பிளேட்டுக்கு போற பெரிய டிசி வோல்டேஜ்) கூடிப் போகும், அதுவும் ஈஎல்84 ஃபிலமெண்ட் சூடாகறதுக்கு முன்னாலயே முழு ஹெச்டியும் வந்து நிக்கும், ஜிஇசட்34 பைய சூடாகி பைய குடுக்கற நல்ல கொணத்த எதுக்கு தூக்கி எறியணும்.

மாத்தி முடிச்சு மொத தடவ ஆன் பண்றப்ப நேரா கரண்ட் குடுக்காதீங்க, 100 வாட் குண்டு பல்ப சீரீஸ்ல போட்டு குடுங்க, எங்காச்சும் ஷார்ட் இருந்தா பல்பு பளீர்னு எரிஞ்சு செட்ட காப்பாத்திரும். மங்கலா எரிஞ்சா சரி.

அப்பறம் கணக்கு. ஈஎல்84 ஒவ்வொண்ணுக்கும் 3ஆம் பின்ல இருந்து சேஸிஸுக்கு ஒரு கேத்தோடு ரெசிஸ்டர் இருக்கும், 270 ஓம்னு வெச்சுக்குவோம். அதுல 10.5 வோல்ட் இருந்தா 10.5 வகுத்தல் 270, 39 மில்லிஆம்ப். அதுல ஸ்கிரீன் (வால்வுக்குள்ள இருக்கற ரெண்டாவது கிரிட்) 4 மில்லிஆம்ப் எடுத்துக்கும், மிச்சம் 35, பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் நடுவுல 300 வோல்ட்னா பத்தரை வாட். ஈஎல்84 பிளேட் தாங்கறது 12 வாட், அப்ப செட் சௌக்கியம். இதே ரெசிஸ்டர்ல 18 வோல்ட் காட்டுச்சுன்னா 67 மில்லிஆம்ப், செவக்கற வால்வு அது தான். நாலு வால்வுலயும் இத எழுதி வெச்சுக்கங்க, ஒரு ஜோடிக்குள்ள ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும், இல்லீன்னா டிரான்ஸ்ஃபார்மர் ஒரு பக்கமா காந்தம் ஏறி பேஸ் அடி வாங்கும், அப்பறம் எவ்வளவு காசு போட்டாலும் பேஸ் வராது.

நம்ம பக்கத்துக்குன்னே ஒரு விசயம், லைன் வோல்டேஜ். பகல்ல எல்லா தோட்டத்துலயும் மோட்டார் ஓடறப்ப 200க்கு கீழ தள்ளாடும், ராவுல மோட்டார் எல்லாம் நின்ன பொறகு 245 வரைக்கும் ஏறும், நாம பாட்டு கேக்க உக்கார்றது ராவுல தான. பழைய செட்டுல பவர் டிரான்ஸ்ஃபார்மர் 220 டேப்ல (220 வோல்டுக்குன்னு எடுத்த முனை) இருந்துச்சுன்னா 245 வர்றப்ப 6.3 வோல்ட் ஃபிலமெண்ட் 7 வோல்ட் ஆகிரும், 300 வோல்ட் ஹெச்டி 334 ஆகிரும், ஈஎல்84 பிளேட்டுக்கு எல்லையே 300. இது வால்வ சத்தமில்லாம சாகடிக்கற கெரகம். பின்னால 240 டேப் இருந்தா மொதல்ல அதுக்கு மாத்துங்க, இல்லீன்னா 12 வோல்ட் 3 ஆம்ப் டிரான்ஸ்ஃபார்மர் ஒண்ணு வாங்கி ப்ரைமரிய லைன்ல குடுத்து, செகண்டரிய செட்டுக்கு போற லைனோட எதிர் திசையில சீரீஸ்ல போட்டா 245 போய் 232, 233னு நிக்கும், தலகீழா மாட்டுனா 257 ஆகிரும், அதனால செட்ட மாட்டறதுக்கு முன்னாடி மீட்டர்ல பாத்துக்கங்க. ஃபியூஸ் வைங்க, டப்பாக்குள்ள மூடி வைங்க. இருநூறு, முந்நூறு வோல்டேஜ் சமாச்சாரம்ங்கறது ஞாபகம் இருக்கட்டும்.

பழைய கார்பன் ரெசிஸ்டருகள ஒரு கால கழட்டி அளந்து பாருங்க, 100 கேன்னு போட்டிருக்கறது 130, 140ன்னு ஏறி நிக்கும், எடது பக்கம் ஒரு மாதிரி வலது பக்கம் ஒரு மாதிரி ஏறியிருந்தா பாடறவங்க நடுவுல நிக்காம ஒரு ஓரமா ஒதுங்கி நிப்பாங்க. ஈசிசி83 பிளேட் ரெசிஸ்டருகள மெட்டல் ஃபிலிம்ல மாத்துங்க, இரைச்சல் கொறையறது காதுக்கே தெரியும்.

இதெல்லாம் முடிச்சு ஒரு மாசம் கேளுங்க. நெறைய பேருக்கு இங்கயே மனசு நெறைஞ்சிரும். அதுக்கும் மேல ஆச இருந்தா நான் சொல்ற மாத்தம் ஒண்ணே ஒண்ணு தான், ட்ரையோடு கனெக்சன், அதாவது ஸ்கிரீன பிளேட்டோட சேத்து ஓட்டறது. ஈஎல்84 9ஆம் பின் ஸ்கிரீன், அதுக்கு வர்ற வயர கழட்டி நல்லா இன்சுலேசன் டேப் சுத்தி ஓரமா வெச்சுட்டு, 9ல இருந்து 7ஆம் பின் பிளேட்டுக்கு 100 ஓம் 1 வாட் ரெசிஸ்டர் போடுங்க. சில செட்டுல அந்த வயர் டிரான்ஸ்ஃபார்மர் நடு டேப்ல இருந்து வரும், அது அல்ட்ரா லீனியர், அமெரிக்காவுல ஹாஃப்லரும் கெரோஸும் 1951ல எழுதுன முறை, அதுவே ரொம்ப நல்லா தான் இருக்கும். ட்ரையோடுல பவர் பாதிக்கும் கீழ எறங்கிரும், ஆனா பாடற தொண்டையும் வயலினும் அவ்வளவு இதமா வரும். புடிக்கலீன்னா பத்து நிமிசத்துல பழையபடி மாத்திக்கலாம், எனக்கு இதுல புடிச்சதே அது தான். சேஸிஸ்ல ஓட்ட போடறது, டோன் கண்ட்ரோல புடுங்கி எறியறது, இதெல்லாம் பண்ணாதீங்க. கழட்டுன எல்லாத்தையும் ஒரு டப்பாவுல போட்டு எங்க இருந்துச்சுன்னு எழுதி வைங்க, அப்புச்சி செட்டு அது.

அண்ணா, எங்க அப்பா வெச்சிருந்த வால்வு ஸ்டீரியோ. எல்லாம் சரி பண்ணியாச்சுங்க, ஆனா பாட்டு இல்லாதப்ப ரெண்டு ஸ்பீக்கர்லயும் உம்ம்ம்னு ஒரு சத்தம். ரிப்பேர் பண்ணவரு வால்வு செட்டுன்னா அப்படித்தானுங்க இருக்கும்ங்கறார். நெசமா?
(தாராபுரத்துல இருந்து ஒரு வாசகி)

இல்லீங்க அம்மிணி, நெசமில்ல. ஸ்பீக்கர்ல காத வெச்சா லேசா கேக்கலாம், உக்காந்த எடத்துல கேக்கக்கூடாது. அந்த உம்ம்ம எப்படின்னு கேட்டு பாருங்க, கட்டையா அடியில இருந்து வந்தா 50 ஹெர்ட்ஸ், கொஞ்சம் கரகரன்னு மேல ஏறி வந்தா 100 ஹெர்ட்ஸ். 100ன்னா ஃபில்டர் கண்டென்சர் பத்தல, இல்லீன்னா போட்ட புது கண்டென்சர்லயே கோளாறு. 50ன்னா ஃபிலமெண்ட் வயரு, இல்லீன்னா எர்த்து. வால்யூம முழுசா கொறைங்க, சத்தமும் கொறைஞ்சா வெளிய இருந்து வருது, டிவி பொட்டி, செட்டாப் பாக்ஸ், கேபிள் ஒயர் எல்லாம் ஒண்ணொண்ணா கழட்டி பாருங்க, கேபிள்காரரு ஒயர்ல வர்ற எர்த்தும் உங்க செட் எர்த்தும் ஒரு வளையமா சுத்திக்கிட்டு பண்ற வேலையா இருக்கும். வால்யூம் கொறைச்சும் அப்படியே இருந்தா உள்ள தான் கோளாறு. ஃபிலமெண்டுக்கு போற ரெண்டு வயரும் ஒண்ணோட ஒண்ணு இறுக்கமா முறுக்கி சேஸிஸ் மூலையோட போகணும், கிரிட் வயருக்கு பக்கத்துலயே வரக்கூடாது. டிரான்ஸ்ஃபார்மர்ல 6.3க்கு நடு டேப் இல்லீன்னா ரெண்டு பக்கத்துல இருந்தும் ஒவ்வொரு 100 ஓம் ரெசிஸ்டர் சேஸிஸுக்கு போடச் சொல்லுங்க, இத்துனூண்டு செலவு, பாதி உம்ம் அதுலயே போயிரும்.

எர்த்த பத்தி இன்னும் ஒரு வார்த்தை, ஏன்னா இது உசுரு சம்பந்தப்பட்டது. அப்பா காலத்து செட்டுல ரெண்டு பின் பிளக் தான் இருந்திருக்கும், மூணு வயர் போட்டு சேஸிஸ எர்த் பண்ணிருங்க. உம்ம் வருதுன்னு சொல்லி எர்த் பின்ன உடைச்சு விடற ஆளுங்க இருக்காங்க, அப்படி யாராச்சும் பண்ணிட்டு போயிருந்தா இன்னிக்கே மாத்துங்க. தாராபுரம் பக்கம் சித்திரை வெயில்ல மண்ணு பொடியா காஞ்சு கெடக்கும், எர்த் குழியில கரியும் உப்பும் போட்டிருந்தாலும் ஈரம் இல்லீன்னா அது எர்த்தே இல்ல, வாரத்துக்கு ரெண்டு கொடம் தண்ணி ஊத்துங்க.

ஒரு பக்க அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் ப்ரைமரி ஓப்பன். எங்க வீதியில மோட்டார் காயில் கட்டறவரு, இதென்ன பெரிய விசயம், நான் சுத்தி தர்றேன்ங்கறார். குடுக்கலாமா?
(சிங்காநல்லூர், கோவை)

குடுக்கலாம், ஆனா மோட்டார் கட்டற மாதிரி கட்டக்கூடாதுன்னு அவருகிட்ட உக்காந்து பேசிட்டு குடுங்க. கோயமுத்தூர் கைக்கு முடியாதுன்னு ஒண்ணு இல்ல. இந்த ஊர்ல 1937லயே மோட்டார் செஞ்சவங்க, ஜி.டி. நாயுடு 1941ல அஞ்சு வால்வு ரேடியோவ 70 ரூபாய்க்கு செஞ்சு தர முடியும்னு சொன்ன ஊரு, இன்னிக்கும் தெருவுக்கு ஒரு காயில் கட. ஆனா மோட்டாரும் சரி பவர் டிரான்ஸ்ஃபார்மரும் சரி 50 ஹெர்ட்ஸ் ஒண்ண மட்டும் பாத்தா போதும், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் 30ல இருந்து 20,000 வரைக்கும் பாக்கணும். ப்ரைமரி மொத்தத்தையும் சுத்திட்டு அதுக்கு மேல செகண்டரிய சுத்துனா பாடும், ஆனா மேல் சத்தம் எல்லாம் செத்துப் போயிருக்கும். ப்ரைமரிய அடுக்கடுக்கா பிரிச்சு நடுநடுவுல செகண்டரிய வெச்சு சுத்தணும். 1947ல இங்கிலாந்து ஒயர்லெஸ் வேர்ல்ட் பத்திரிகையில வில்லியம்சன் ஒரு ஆம்ப்ளிஃபயர் எழுதுனார், அதுக்கப்பறம் வந்த நல்ல செட்டு எல்லாம் அந்த வழி தான், அதோட உசுரே டிரான்ஸ்ஃபார்மர பிரிச்சு பிரிச்சு சுத்துன விதத்துல தான் இருந்துச்சு.

பழசப் பிரிக்கறப்ப அவர் அவசரப்படக்கூடாது. ஒவ்வொரு அடுக்குலயும் எத்தன சுத்து, என்ன கேஜ் வயர், எந்த பேப்பர், எந்த பக்கம் ஆரம்பிச்சு எந்த பக்கம் முடிஞ்சுதுன்னு எழுதிட்டே பிரிக்கணும், பழைய ஸ்டாம்பிங்க (நடுவுல அடுக்கியிருக்கற இரும்பு தகடுக) தூக்கி போடாம அதையே திரும்ப அடுக்கணும். நீங்க கூடவே உக்காந்து எழுதுங்க, ஒரு நாள் போகும், போகட்டும். முடிச்ச பொறகு ஒரு சோதனை: ஈஎல்84 ஜோடிக்கு ப்ரைமரி 8,000 ஓம், ஸ்பீக்கர் 8 ஓம்னா சுத்து விகிதம் ஆயிரத்தோட வர்க்கமூலம், 31.6. செகண்டரிக்கு 6.3 வோல்ட் ஏசி குடுத்தா ப்ரைமரி ரெண்டு முனையிலயும் 199 கிட்ட வரணும், நடு டேப்புக்கு ரெண்டு பக்கமும் சரி பாதி வரணும். தொட்டுறாதீங்க, 200 வோல்ட் அது. செட்டுல மாட்டி ஆன் பண்ணதும் கூஊன்னு கத்துச்சுன்னா பயப்படாதீங்க, ஃபீட்பேக் தலகீழா போகுதுன்னு அர்த்தம், உடனே ஆஃப் பண்ணிட்டு ரெண்டு பிளேட் வயரையும் மாத்தி மாட்டுங்க. முடிஞ்சா அடுத்த பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரோட ஒப்பிட்டு கேட்டுட்டு அப்பறமா காசு குடுங்க.

எல்லா மாடிஃபிகேசனும் பண்ணிட்டேன், கண்டென்சர், வால்வு, வயரு, எல்லாம் புதுசு. இன்னும் சத்தத்துல உசுரு இல்ல. ஸ்பீக்கர் புது மாடல், சின்னது, 85 டிபி. இன்னும் என்ன மாத்தறது?
(திருப்பூர்)

ஸ்பீக்கர மாத்துங்க. ஒரு வாட் குடுத்தா ஒரு மீட்டர் தூரத்துல எத்தன டிபி சத்தம் வரும்ங்கறது தான் அந்த 85. பழைய காலத்து பெரிய பொட்டி ஸ்பீக்கர் 92, 93 இருக்கும். 3 டிபிக்கு பவர் ரெண்டு மடங்கு வேணும், 7 டிபிக்கு அஞ்சு மடங்கு, அதாவது 92 டிபி ஸ்பீக்கருக்கு பத்து வாட் குடுக்கற சத்தத்த உங்க ஸ்பீக்கருக்கு குடுக்க அம்பது வாட் வேணும், ஈஎல்84 பாவம் எங்க போகும். நீங்க இத்தன செலவு பண்ணதுக்கு முன்னால இத கேட்டிருக்கலாமேன்னு எனக்கு வருத்தமா இருக்குது. உக்கடத்துல பழைய சாமான் கடைக போய் பெரிய மரப்பொட்டி ஸ்பீக்கர் வருதான்னு பாருங்க, கோன் ஓரம் கிழியாம இருக்கணும், விரல வெச்சு மெதுவா அமுக்குனா உரசக்கூடாது. பழைய ஸ்பீக்கர் நெறைய 15, 16 ஓம், ஆம்ப்ளிஃபயர் பின்னால அதே டேப்ல மாட்டுங்க.

மைக் செட் வால்வு ஆம்ப்ளிஃபயர் ரெண்டு சும்மா இருக்குதுங்க, கல்யாண ஊட்டுக்கெல்லாம் போனது. ரெண்டையும் சேத்து ஸ்டீரியோ ஆக்கி வீட்ல பாட்டு கேக்கலாமுங்களா?
(பவானி)

பாடும், ஆனா நீங்க நெனக்கற மாதிரி பாடாது. அதுல அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கொழா ஸ்பீக்கர தூரத்துக்கு இழுக்க 100 வோல்ட் லைனுக்கு செஞ்சது, பேச்சு தெளிவா கேக்கணும், அது தான் நோக்கம், பேஸும் மேல் சத்தமும் அங்க தேவையே இல்ல. 8 ஓம் டேப் இருந்தா அதுல போட்டு கேட்டு பாருங்க, 100 வோல்ட் முனையில வீட்டு ஸ்பீக்கர மாட்டிராதீங்க. அதுகள பிரிச்சு வேற எதாச்சும் பண்றத விட அப்படியே துடைச்சு கண்டென்சர் மாத்தி, ஊர் நோம்பிக்கு ஒரு தடவ கொழா கட்டி பாட விடுங்க.

கைப்பேசிய வால்வு செட்டுல எப்படி மாட்டறது? மாட்டுனா கரகரன்னு ஒடையுது.
(கரூர்)

அந்த காலத்து செட்டுல பிக்கப்னு எழுதியிருக்கற எடம் கிரிஸ்டல் ஊசிக்கு செஞ்சது, அரை வோல்ட் கிட்ட எதிர்பாக்கும். ப்ளூடூத் பொட்டி, சிடி பிளேயர் எல்லாம் 2 வோல்ட் வரைக்கும் தள்ளும், வால்யூம் கண்ட்ரோலுக்கு முன்னால ஒரு ஈசிசி83 இருந்தா அதுலயே ஒடைஞ்சிரும். ஒவ்வொரு பக்கமும் 47 கே சீரீஸ்ல, 10 கே சேஸிஸுக்கு, ரெண்டு ரெசிஸ்டர் போதும், பின்னுக்குள்ளயே வெச்சு பத்த வெச்சுரலாம், செட்ட தொறக்கவே வேண்டாம். இதே எடத்துல புது மாடல் மேக்னடிக் ஊசி இருக்கற ரெக்கார்டு பிளேயர மாட்டுனா சத்தமே வராது, அது அஞ்சு மில்லிவோல்ட் தான் குடுக்கும், அதுக்கு தனியா ஃபோனோ ப்ரீஆம்ப் வேணும்.

பெங்களூர் பெல் (பாரத் எலெக்ட்ரானிக்ஸ்) கம்பெனி வால்வு, ஈஎல்84 பன்னெண்டு, ஈசிசி83 எட்டு, டப்பாவோட அப்பா காலத்துல இருந்து இருக்குது. பழசு தான, வித்துட்டு வெளிநாட்டு புது வால்வு வாங்கிக்கலாமா?
(பெருந்துறை)

விக்காதீங்க. வால்வு டப்பாவுல இருந்தா கெடாது, ஓடுனா தான் தேயும். பெல் வால்வ நான் வருசக்கணக்கா போட்டு கேட்டிருக்கேன், எந்த ஊர் வால்வுக்கும் கொறைஞ்சதில்ல. மேல சொன்ன கேத்தோடு வோல்டேஜ ஒவ்வொண்ணுக்கும் ஒரே சாக்கெட்டுல போட்டு, பத்து நிமிசம் சூடாக விட்டு அளந்து, டப்பா மேல பென்சில்ல எழுதுங்க. ஒண்ணுக்கொண்ணு கிட்ட வர்றத ஜோடி சேத்து ரப்பர் பேண்டு போட்டு வைங்க. காலு கருத்திருந்தா நைசான உப்புத்தாள்ல லேசா தேச்சா போதும், கண்ணாடிய மட்டும் ஈரத்துணியில அழுத்தி துடைக்காதீங்க, எழுத்து அழிஞ்சிரும்.